பாவா அலுவலகத்தின் பழைய கோப்புகளில் என்ன தேடுவது?

கட்டடக்கலை இறுதியாண்டு ஆய்வுக்கு இலங்கைக் கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவாவை எடுத்திருக்கும் ஒரு மாணவி கேட்டது இது: "அவருடைய கட்டடங்களைப் பற்றிப் பெரிய பெரிய படப் புத்தகங்கள் வந்துவிட்டன. பல கட்டடங்களை நேரிலும் போய்ப் பார்க்கலாம். பிறகு எதற்கு அலுவலகத்தின் பழைய வரைபடங்களையும் கோப்புகளையும் தேடிப் போக வேண்டும்? போனால் எதை முதலில் பார்ப்பது?"

போனால் காரணம் கிடைக்கும். ஒரு சுவர் ஏன் அந்த இடத்தில் திரும்புகிறது, ஏன் அந்த ஓடு, ஏன் கண்ணாடி இல்லாத ஜன்னல் என்றெல்லாம் கேட்டால் புகைப்படம் வாய் திறக்காது. நேரில் போய் நின்றாலும் பாதிதான் தெரியும். மீதிப் பாதி கோப்பில்தான் இருக்கிறது, அதுவும் யாரும் கண்ணாடிச் சட்டத்துக்குள் போட விரும்பாத தாள்களில்.

கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். பாவாவின் வீடுகளையும் விடுதிகளையும் பார்ப்பவர்கள் முதலில் வியப்பது அந்த அரைவட்டக் களிமண் ஓடுகளைத்தான். பழைய கண்டி வளவு வீடு, ஒல்லாந்தர் காலத்து வீடு, விகாரை எல்லாம் ஒரே பார்வையில் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கட்டடங்கள் பலவற்றின் குறுக்குவெட்டு வரைபடத்தை, அதாவது செக்ஷனை, எடுத்துப் பாருங்கள். ஓட்டுக்கு அடியில் நெளி நெளியான ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் தகடு போகும். மழையைத் தடுப்பது தகடு. மேலே பரப்பிய ஓடு வெயிலைத் தாங்குகிறது, தகட்டை மறைக்கிறது, கூரைக்கு அந்தப் பழைய முகத்தைக் கொடுக்கிறது. வெறும் ஓடு மட்டும் போட்டால் காகம் கிளறும், ஓடு நழுவும், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஆள் ஏற்றி அடுக்க வேண்டும். அந்தத் தொல்லையைத் தகடு ஏற்றுக்கொண்டது. 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் பாவாவும் அவருடன் வேலை செய்த டென்மார்க்காரர் உல்ரிக் பிளெஸ்னரும் நிலைப்படுத்திய முறை இது.

தரையிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. தெரியாதவர் "மண்ணின் மரபு" என்று ஒரு பத்தி எழுதிவிட்டுப் போவார். தெரிந்தவர், தொழிற்சாலைப் பொருளையும் கையால் வனைந்த பொருளையும் ஒரே கூரையில் சேர்த்த ஒரு தந்திரத்தைப் பற்றி எழுதுவார். இரண்டாவதுதான் ஆய்வு. இதில் இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. இன்றைக்கு அப்படிப்பட்ட ஒரு கூரையைப் பழுதுபார்க்க ஏறுபவருக்கு, ஓட்டுக்கு அடியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். உடைத்தால் தூசி நுரையீரலுக்குப் போகும்.

அடுத்தது பொருள் தட்டுப்பாடு. என் பார்வையில் பாவா ஆய்வுகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். அவர் லண்டனில் கட்டடக்கலைத் தேர்வு முடித்துத் தகுதி பெற்றது 1957இல், 38 வயதில். அதற்கு முன் அவர் வழக்கறிஞர். கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற பழைய ஆங்கிலேயர் காலத்து நிறுவனத்தை அவரும் கூட்டாளிகளும் கையில் எடுத்த சில ஆண்டுகளிலேயே நாட்டில் அந்நியச் செலாவணி வற்றத் தொடங்கியது. 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன; 1970க்கும் 1977க்கும் இடையில் அவை இன்னும் இறுகின. இரும்பு, பெரிய கண்ணாடி, கதவுப் பூட்டு, குளியலறைச் சாமான் எதுவும் நினைத்த மாத்திரத்தில் கிடைக்காது. கருங்கல், களிமண், உள்ளூர் மரம், சுண்ணாம்பு, பழைய வீடு இடித்த இடத்தில் வாங்கிய தூணும் கதவும், இவைதான் கையில் இருந்தவை.

இதனால் பாவாவின் ரசனை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அதே தட்டுப்பாட்டில் அதே ஊரில் வேலை செய்த மற்றவர்கள் வேறு விதமாகக் கட்டினார்கள். அவருடைய கூட்டாளியாக இருந்த வலன்டைன் குணசேகர கான்கிரீட்டின் பக்கம் போனார். அவர் கட்டடங்களில் ஓட்டுக் கூரை ஏக்கம் கிடையாது. ஆகவே தட்டுப்பாடு மட்டும் காரணமாக இருக்க முடியாது, ரசனை மட்டும் காரணமாகவும் இருக்க முடியாது. எந்த இடத்தில் எது முடிவு செய்தது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் மதிப்பீடுகள், பொருள் பட்டியல்கள், "இது கிடைக்கவில்லை, அதைப் போடலாமா" என்று கேட்கும் கடிதங்கள் ஆகியவற்றின் தேதிகளை வரைபடங்களின் தேதிகளோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். வேறு வழி கிடையாது.

சரி, கோப்பு என்றால் அதற்குள் பொதுவாக என்னென்ன இருக்கும்? எந்தக் கட்டடக்கலை அலுவலகத்திலும் ஒரு வேலை தொடங்கியதும் அதற்கு ஒரு எண் கிடைக்கும். அந்த எண்ணின் கீழ் வாடிக்கையாளர் கடிதங்கள், இட அளவைப் படம், முதல் கிறுக்கல்கள், மாநகர சபை அனுமதிக்குப் போட்ட படங்கள், ஒர்க்கிங் டிராயிங் (கட்டுபவருக்கான விவரப் படம்), பொருள் அளவுப் பட்டியல், கேள்விப் பத்திரம் (டெண்டர்), சைட் கூட்டக் குறிப்புகள், வேலை நடக்கும்போது மாறியவற்றுக்கான உத்தரவுகள், கடைசியில் இறுதிக் கணக்கு. மாணவர்கள் நேரே கிறுக்கல்களுக்குப் போகிறார்கள். நான் இறுதிக் கணக்கிலிருந்து பின்னோக்கி வரச் சொல்வேன். ஒப்பந்தத்தில் இருந்ததற்கும் கடைசியில் பணம் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் கட்டடம் எங்கெங்கே மனம் மாறியது என்பது எழுதப்பட்டிருக்கும். இடித்துத் திரும்பக் கட்டிய சுவருக்கும் கொந்தராத்துக்காரர் காசு கேட்பார் அல்லவா!

பாவாவின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அவர் மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வரைந்து முடிப்பவர் அல்லர். யோசனையை வாயால் சொல்வார், ஒரு சிறு கிறுக்கல் தருவார், உதவியாளர்கள் வரைவார்கள். அப்புறம் சைட்டுக்குப் போய் நின்று பார்த்து மாற்றுவார். தன் வேலையைப் பற்றி அவர் எழுதியதும் சொற்பம். ஆகவே கட்டியதற்கும் வரைந்ததற்கும் நடுவே இடைவெளி இருக்கும் என்று எதிர்பார்த்தே வரைபடத்தைத் திறக்க வேண்டும். வீட்டு வேலைகளில் இந்த இடைவெளி பெரிது. ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேயில் கட்டிய நாடாளுமன்றத்தில் கதை வேறு. 1979இல் பணி கொடுக்கப்பட்டு 1982 ஏப்ரலில் திறப்பு விழா. சதுப்பு நிலத்தைத் தோண்டி ஏரியாக்கி நடுவே தீவில் கட்டடம். கட்டியது ஜப்பானின் மிட்சுயி நிறுவனம். அந்த வேகத்தில், அந்த அளவில், வெளிநாட்டு ஒப்பந்தக்காரரிடம் "நாளைக்கு வந்து பார்த்துச் சொல்கிறேன்" என்ற பேச்சுக்கு அதிக இடம் கிடையாது. முன்கூட்டியே வரைந்தாக வேண்டும். ஒரே கட்டடக்கலைஞரின் இரண்டு விதமான வேலைமுறையை ஒப்பிட விரும்பினால், 1960களின் ஒரு வீட்டுக் கோப்பையும் நாடாளுமன்றத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

இப்போது தாளுக்கு வருவோம். இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை.

கணினி வருவதற்கு முந்திய அலுவலகத்தில் மூலப் படம் ஒளி ஊடுருவும் டிரேசிங் தாளில் மை கொண்டு வரையப்படும். அதிலிருந்து பிரதி எடுப்பார்கள். பழைய முறையில் நீலத் தாளில் வெள்ளைக் கோடு விழும். அதுதான் அசல் புளூபிரிண்ட், 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த இரும்பு உப்பு வேதியியல். பின்னால் வந்தது அம்மோனியா பிரிண்ட், வெளுத்த தாளில் நீலமோ கறுப்போ பழுப்போ ஆன கோடு. எடுத்த சூட்டில் மூக்கைத் துளைக்கும். 1960களுக்குப் பிந்திய கோப்புகளில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதைத்தான்.

மூலம் உயர்ந்தது, பிரதி மட்டம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வரலாறு எழுதுபவருக்கு அது பல நேரம் தலைகீழ். டிரேசிங்கில் ஒரு சுவரை மாற்ற வேண்டுமானால் படம் வரைபவர் பிளேடால் மையைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே இடத்தில் புதிய கோடு போடுவார். மூன்று தடவை மாறினால் மூன்று தடவை சுரண்டுவார். கடைசியில் அந்தத் தாளில் மிஞ்சுவது கடைசி நிலை மட்டும். பிரதியோ எடுத்த அன்றைய நிலையில் உறைந்துவிடும். மார்ச் மாதம் எடுத்த பிரதியில் மாடிப்படி வடக்கே இருக்கும், ஜூலையில் எடுத்ததில் கிழக்கே இருக்கும், டிரேசிங்கில் கிழக்கே மட்டும்தான் இருக்கும். அதிலும் சைட்டுக்குப் போய் வந்த பிரதி கிடைத்தால் விடாதீர்கள். சிமெண்ட் விரல் அடையாளம், மடிப்பில் கிழிசல், சிவப்புப் பென்சிலில் திருத்திய அளவு, ஓரத்தில் மேசனுக்காகப் போட்டுக் காட்டிய சின்னப் படம். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். கட்டடம் எப்படி உருவானது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி கிடையாது.

டிரேசிங்கையும் ஒதுக்கிவிடாதீர்கள். காப்பகத்தில் அனுமதித்தால் அதை அடியில் வெளிச்சம் உள்ள மேசையில் வைத்துப் பாருங்கள். சுரண்டிய இடத்தில் தாள் மெலிந்து வெளிச்சம் கூடுதலாக வரும். பழைய கோட்டின் தடம் நிழல்போலத் தெரியும். ஒரு முற்றத்தின் ஓரம் முழுக்க இப்படி மெலிந்து கிடந்தால், அந்த அலுவலகம் எதற்கு அதிகம் தடுமாறியது என்பது ஒரு சொல்லும் இல்லாமலே புரிந்துவிடும்.

வரைபடத்தின் கீழ் வலது மூலையில் உள்ள கட்டத்தைப் படிக்காமல் வரைபடத்தைப் படிக்காதீர்கள். வேலை எண், தாள் எண், அளவுகோல், தேதி, எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் திருத்த எழுத்து, அப்புறம் வரைந்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு முதலெழுத்துகள். இந்த முதலெழுத்துகளைத் தொகுத்தாலே ஒரு தனி ஆய்வு கிடைக்கும். ஏனென்றால் "பாவா" என்று நாம் சொல்லும் பெயருக்குள் பல கைகள் இருக்கின்றன. லக்கி சேனநாயக்க, இஸ்மத் ரஹீம், அனுர ரத்னவிபூஷண, நாடாளுமன்ற வேலையில் முக்கியப் பொறுப்பு வகித்த வசந்தா ஜேகப்சன். 1958இல் வந்து 1960களின் பிற்பாதி வரை இருந்த பிளெஸ்னரின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் வாதமாகவே இருக்கிறது. நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு பெயர் கலாநிதி பூலோகசுந்தரம். 1967 முதல் 1989 வரை பாவாவின் கூட்டாளி, கட்டமைப்புப் பொறியாளர். எந்தத் தூண் எதைத் தாங்கும் என்று கணக்குப் போட்டவர், அலுவலக நிர்வாகத்தையும் இழுத்துப் பிடித்தவர். படப் புத்தகங்களில் அவருக்கு ஓரிரு வரிகள் கிடைத்தால் அதிகம். பொறியாளரின் கணக்குத் தாள்களும் வரைபடங்களும் கோப்பின் பகுதிதான், அவற்றைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. பாவா அலுவலகத்துப் படங்கள் என்றதும் எல்லோர் மனதிலும் வருவது, இலை இலையாக மரம் வரைந்த, தரைக்கல் ஒவ்வொன்றும் காட்டிய அந்த அழகான கறுப்பு வெள்ளைப் படங்கள். லக்கி சேனநாயக்கவின் கை அந்தப் பாணியை உருவாக்கியதில் பெரிது. அவற்றில் பல, கட்டடம் முடிந்த பிறகு வெளியீட்டுக்காகவும் கண்காட்சிக்காகவும் வரையப்பட்டவை. 1986இல் லண்டனில் கண்காட்சி நடந்தது, அதே ஆண்டில் முதல் முழு நூலும் வந்தது. அந்தக் காலத்தில் நிறையப் படங்கள் புதிதாகவே வரையப்பட்டன. இவற்றை வடிவமைப்பின் சாட்சியாக எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவீர்கள். இவை, தன் கட்டடம் எப்படி நினைவில் நிற்க வேண்டும் என்று அந்த அலுவலகம் விரும்பியதன் சாட்சி. வெட்டிய மரத்தையும் வரைந்திருக்கலாம், பிற்பாடு கட்டிய குளியலறையை விட்டிருக்கலாம். அளவு எழுதாத, திருத்த எழுத்து இல்லாத, கொந்தராத்துக்காரருக்குப் பயன்படாத படம் என்றால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் அந்த மரங்களைச் சிரித்து ஒதுக்கவும் வேண்டாம். பாவா அலுவலகத்தில் மரம் அலங்காரம் அல்ல. இருக்கும் மரங்களை அளந்து இடப்படத்தில் போட்டுவிட்டுத்தான் சுவரை எங்கே கொண்டுபோவது என்று பார்ப்பார்கள். மரத்தின் விட்டமும் இனமும் குறித்த இட அளவைப் படம் கிடைத்தால் அது கட்டடத்தின் முதல் வரைபடம் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

ஆவணம் கையில் இருந்தால் கட்டடத்தையே தூக்கி நிறுத்தலாம் என்பதற்குப் பாவா வடிவமைத்த எனா டி சில்வா வீடு உதாரணம். கொழும்பு அல்பிரட் பிளேஸில் 1960க்கும் 1962க்கும் இடையில் கட்டியது. நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள், உள்நோக்கிய வீடு. அதற்குப் பின் இலங்கையில் வந்த எத்தனையோ வீடுகளுக்குத் தாய். நிலம் கைமாறியதும் வீடு இடிபடும் நிலை வந்தது. 2009 தொடங்கி அதை அக்கு அக்காகக் கழற்றி, கல்லுக்கும் மரத்துக்கும் எண் போட்டு, பெந்தோட்டைக்கு அருகே பாவாவின் லுணுகங்க தோட்டத்துக்கு எடுத்துப்போய் மீண்டும் கட்டினார்கள். முடிய 2016 ஆயிற்று. இந்த வேலைக்குப் பழைய வரைபடம் மட்டும் போதாது என்பதைக் கவனிக்க வேண்டும். ஐம்பது ஆண்டு வாழ்ந்த வீடு வரைந்தபடியே இருக்காது. கழற்றும்போது ஒவ்வொரு பகுதியையும் புதிதாக அளந்து பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு இப்போது ஒரு தனி ஆவணம். ஆக ஒரே வீட்டுக்கு, கட்டுமுன் வரைந்தது, வெளியீட்டுக்கு வரைந்தது, பிரிக்கும்போது அளந்தது என்று மூன்று அடுக்கு வரைபடங்கள். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், உங்கள் ஆய்வின் மைய அத்தியாயம் அங்கேயே கிடைக்கலாம்.

எதிர்ப் பக்கத்துக்கு உதாரணம், கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வா. நீங்கள் பாவாவைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் இவரைச் சொல்லாமல் அந்தக் காப்பகத்தின் மதிப்பைச் சொல்ல முடியாது. 1918இல் கண்டியில் பிறந்தவர். பிரிட்டனின் அரச கட்டடக்கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண், 1948இல். கண்டியில் கருணாரத்ன வீட்டை அவர் கட்டியது 1949க்கும் 1951க்கும் இடையில், அதாவது பாவா தகுதி பெறுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே. 1953இல் மும்பையின் மார்க் இதழில் அந்த வீட்டைப் பற்றி எழுதும்போது நவீனப் பிராந்தியக் கட்டடக்கலை என்ற கருத்தை நேராகவே வைத்துவிட்டார். மேற்கில் கோட்பாட்டாளர்கள் அந்தச் சொல்லைச் சுற்றிப் புத்தகம் எழுதத் தொடங்கியது 1980களில். வட்டப்புளுவ வீட்டுத் திட்டத்தில், குடிவரப் போகிறவர்களிடமே கேள்வி கேட்டு அவர்கள் வாழும் முறையைத் தெரிந்துகொண்டு வீடு வகுத்தார், அதுவும் 1950களில். பிளெஸ்னரை இலங்கைக்கு வரவழைத்தவரும் அவர்தான். பிளெஸ்னர் அங்கிருந்துதான் பாவாவிடம் போனார்.

இத்தனை இருந்தும் அவருடைய கட்டடங்கள் பெரும்பாலும் இடிபட்டோ அடையாளம் தெரியாமல் மாறியோ போயின. அலுவலக ஆவணங்களும் பெருமளவு அழிந்தன. கண்டியில் வீட்டிலிருந்தே தொழில் நடத்தியவர். பின்னால் வந்து கோப்பைத் தூசி தட்டக் கூட்டாளிகளும் இல்லை, அறக்கட்டளையும் இல்லை. தன்னிடம் மிஞ்சிய கடிதங்கள், பத்திரிகை நறுக்குகள், படங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் அவரே தொகுத்து ஒரு தன்வரலாறாக ஆக்கினார். அது வெளிவந்தது 1998இல், அவர் இறந்த பிறகு. இன்று அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்த ஒரு நூலைத்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. அவர் விட்டுவிட நினைத்ததை நாம் பார்க்கவே முடியாது.

பாவாவுக்கு நடந்தது வேறு. 1998இல் பக்கவாதம் வந்து பேச்சும் நடமாட்டமும் போயின, 2003இல் இறந்தார். ஆனால் அறக்கட்டளை முன்பே இருந்தது, உடன் வேலை செய்தவர்கள் இருந்தார்கள், கொழும்பு வீடும் லுணுகங்கவும் இருந்தன, தாள்களுக்கு ஒரு கூரை இருந்தது. 2022இல் கொழும்பில் அந்தக் காப்பகத்திலிருந்தே எடுத்த வரைபடங்களை வைத்துப் பெரிய கண்காட்சி ஒன்று நடந்தது. அடுத்த ஆண்டு அது டெல்லிக்கும் போனது. இருவரில் யார் பெரியவர் என்ற வாதத்தில் இறங்குவதற்கு முன், யாருடைய தாள்கள் தப்பின என்று கேட்டுவிடுவது நல்லது. இருவருக்கும் கிடைக்கும் பக்கங்களின் கணக்கில் அந்தத் தற்செயலுக்குப் பெரும் பங்கு உண்டு.

மினெட்டின் கதையில் ஒரு வேலைமுறைப் பாடமும் இருக்கிறது. ஒருவருடைய ஆவணம் அழிந்தால் அவர் கடிதம் எழுதியவர்களின் ஆவணத்தில் தேட வேண்டும். மினெட்டுக்கும் பிரான்சின் புகழ்பெற்ற கட்டடக்கலைஞர் ல கொர்புசியேவுக்கும் இடையே நடந்த கடிதப் போக்குவரத்து பாரிஸில் ல கொர்புசியே அறக்கட்டளையில் இருக்கிறது. கண்டியில் கறையான் தின்றதைப் பாரிஸ் காப்பாற்றி வைத்திருக்கிறது! பாவாவுக்கும் இதே வழி பொருந்தும். கட்டடக்கலைஞரின் அலுவலகம் ஒரு முனை மட்டும்தான். வாடிக்கையாளர், ஒப்பந்தக்காரர், பொறியாளர், அனுமதி கொடுத்த நகரசபை, ஒவ்வொருவரிடமும் அதே வேலையின் இன்னொரு கோப்பு இருந்திருக்கும். பாவாவின் கண்டலம விடுதிக்கு எதிராக 1990களின் தொடக்கத்தில் எழுந்த சூழலியல் போராட்டத்தைத் தெரிந்துகொள்ள அலுவலகக் கோப்பைவிட அன்றைய செய்தித்தாள்கள் பயன்படும். தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் கொழும்புக்குப் போகாமலும் தொடங்கலாம். மதுரை கோச்சடையில் ஆலை அதிகாரிகளுக்காகக் கட்டிய கிளப், பின்னால் விடுதியாக மாறியது, பாவாவின் வேலை. சென்னை கன்னிமரா ஹோட்டலின் 1970களின் மாற்றியமைப்பிலும் அவர் கை உண்டு. கடல் தாண்டி நடந்த வேலையில் நேரில் போய்ச் சொல்வது கடினம், எழுதித்தான் ஆக வேண்டும். ஆகவே உள்ளூர் வேலையைவிட இவற்றில் கடிதம் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. மதுரை வேலையை ஆய்வுத் தலைப்பாக யாரும் எடுக்காமல் இருப்பது எனக்குப் புரியாத புதிர்.

காப்பகம் எந்த ஊரில் இருக்கிறது என்பதும் சின்ன விஷயமல்ல. இந்தியக் கட்டடக்கலைஞர் சார்ல்ஸ் கொரியா தன் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட வரைபடங்களை லண்டனில் உள்ள அரச கட்டடக்கலைஞர் கழக நூலகத்துக்குக் கொடுத்தார். அங்கே குளிரூட்டிய அறை, பயிற்சி பெற்ற ஆட்கள், எல்லாம் உண்டு. போபாலில் படிக்கும் மாணவருக்கு விசா வேண்டும். பாவாவின் தாள்கள் கட்டடங்கள் இருக்கும் நாட்டிலேயே இருக்கின்றன. காலையில் செக்ஷனைப் பார்த்துவிட்டு மாலையில் அந்தக் கூரைக்கு அடியில் போய் நிற்கலாம். இந்த வசதிக்கு விலையும் உண்டு. கொழும்பின் ஈரக் காற்று தாளுக்கு எமன். பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி அரிக்கும், டிரேசிங் தாள் மஞ்சளித்து அப்பளமாக நொறுங்கும். அம்மோனியா பிரிண்ட் வெளிச்சம் பட்டால் மங்கும், மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தால் அவற்றையும் கறையாக்கும். புளூபிரிண்டைக் காரம் கலந்த "பாதுகாப்பு" உறையில் போட்டாலே நீலம் வெளுத்துவிடும். நல்லது செய்வதாக நினைத்துப் பலர் செய்யும் தவறு இது. செலோடேப் ஒட்டவே கூடாது. ஆகவே ஒரு தாளை எடுத்துத்தர மறுத்து ஸ்கேனைக் காட்டினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஸ்கேனில் தாளின் பின்பக்கமும் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்பக்கத்தில் தொலைபேசி எண், கூட்டல் கணக்கு, வேறொரு வேலையின் கிறுக்கல் எல்லாம் இருக்கும்.

போகுமுன் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். "பாவாவின் ஆவணங்களைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினால் பதில் எழுதுபவருக்குத் தலை சுற்றும். ஒரு கட்டடம், ஒரு காலம், ஒரு கேள்வி என்று எழுதுங்கள்: "1960க்கும் 1965க்கும் இடைப்பட்ட வீடுகளின் கூரைச் செக்ஷன்கள், அவற்றின் திருத்தத் தேதிகள், அதே காலத்துப் பொருள் பட்டியல்கள்." பென்சிலும் அளவுகோலும் கொண்டுபோங்கள், பேனா வேண்டாம். முதல் நாளில் படம் எடுக்கத் துடிக்காமல் பட்டியலை முழுதாகப் படியுங்கள். எந்த வேலை எண்ணில் தாள் வரிசை அறுந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 40 வரை எண்ணிட்ட தாள்களில் 12 முதல் 19 வரை இல்லையென்றால், அதுவே ஒரு கேள்வி.

கடைசியாகப் பதிப்புரிமை. தாள் யாரிடம் இருக்கிறது என்பதும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதும் வேறு வேறு. இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டப்படி ஆக்கியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். பாவா இறந்தது 2003 என்பதால் அவர் படைப்புகளுக்கு அது 2073 வரை போகும். மற்றவர்கள் வரைந்தவை என்றால் கணக்கு இன்னும் சிக்கலாகும். ஆய்வேட்டில் மேற்கோளாகக் காட்டுவது வேறு, இணையத்தில் முழுப் படத்தையும் ஏற்றுவது வேறு. எந்தப் படத்தை எங்கே எந்த அளவில் போடப்போகிறீர்கள் என்பதை அனுமதிக் கடிதத்திலேயே சொல்லிவிட்டால், ஆய்வேட்டைக் கட்டுமுன் கடைசி வாரத்தில் ஓட வேண்டியிராது.